மூன்று பெயரில் ஒரு கடிகாரம்

சங்கமித்ராவுக்கு ராகு காலம் ஏழு நாளைக்கும் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு என்று ஒப்பிப்பாள். பக்தியெல்லாம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கே போனாலும் கூட்டம் இருக்காது, அவ்வளவுதான். ஸ்கூட்டரை ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டெலிவரி எடுத்தாள். ஷோரூமில் ஈ காக்கை இல்லை; நான்கு பேர் சேர்ந்து அவள் ஒருத்தியை உபசரித்தார்கள். திருமணத்தைச் செவ்வாய்க்கிழமை மூன்றரைக்குப் பதிவு செய்தாள். "வேற டைமே கெடைக்கலியாம்மா?" என்று பதிவாளர் பரிதாபப்பட்டார். "மத்த டைம்ல உங்களுக்கு எங்க முகத்தப் பாக்க நேரம் இருக்காதே சார்" என்றாள். ஆறு வருடம் ஆகிறது. ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கணவன் ரகு எங்கும் ஓடிவிடவில்லை.

அவள் பிறந்து வளர்ந்தது ஸ்ரீராம்புரம். அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறிய குடும்பம் என்பதால் இந்தப் பெயர். புதிதாகப் பார்க்கிறவர்கள் சிலருக்கு இந்தப் பெயரை எந்த டப்பாவில் போடுவதென்று தெரியாது. "சங்கமித்ராவா... நீங்க எந்தப் பக்கம்?" என்று நெளிந்துகொண்டே கேட்பார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஊரை அல்ல என்று அவளுக்குத் தெரியும். "மெட்ரோ ஸ்டேஷனுக்கு எடது பக்கம், ரெண்டாவது சந்து" என்பாள், முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல்.

தொம்மலூரில் ஒரு நடுத்தர மென்பொருள் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலைக்கு அவள் சேர்ந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் முத்தம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவள் மேசை முன்னால் வந்து நின்றாள்.

முத்தம்மா அந்த அலுவலகத்தின் துப்புரவுப் பெண்களில் ஒருத்தி. ஐம்பதைத் தொட்ட வயது. அவளும் ஸ்ரீராம்புரம்தான், நான்கு சந்து தள்ளி.

"மித்ரா, இந்த மெஷினு உன் கையிலதான கீது?"

"எந்த மெஷினு அக்கா?"

"கட்டவெரல் வெக்கிறது. ஒம்போதுக்குள்ள வெக்கணும். நேத்து நா வெக்கசொல்லோ என் போன்ல எட்டு அம்பத்திநாலு. மெஷின்ல ஒம்போது மூணு. லேட்டுன்னு போட்டுட்ச்சி. செவ்வாக்கெழமையும் அப்டியே. ரோட்ட நோண்டி வெச்சிக்கிறான், பஸ்ஸு சுத்திகினு வருது. இன்னும் ஒரு லேட்டு வந்தா மாசத்துல மூணு. மூணு வந்தா சைட்ட வுட்டு எடுத்துருவாங்க."

இதுதான் அங்கே சட்டம். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிற துப்புரவுப் பெண்களுக்கும் காவலாளிகளுக்கும் மட்டும் உள்ள சட்டம். கணினி முன்னால் உட்காருகிறவர்கள் பதினொன்றுக்கு வந்தாலும் அதற்குப் பெயர் வசதிப்படி வேலை நேரம். கழிவறையைக் கழுவுகிறவள் ஒன்பது ஒன்றுக்கு வந்தால் அதற்குப் பெயர் ஒழுங்கீனம். அலுவலகத்தில் எல்லாருக்குமே தெரியும், மெஷின் ஒன்பது நிமிடம் முந்தி ஓடுகிறது என்று. அதற்கு 'மெஷின் டைம்' என்று பெயர் வைத்து, எல்லாரும் அதற்கு ஏற்றபடி தங்களை வளைத்துக்கொண்டிருந்தார்கள். வளைய முடியாத மூன்று பேர், மெஷின் வந்த பதினான்கு மாதத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள்.

"நீங்க போங்கக்கா, நான் பாக்கறேன்" என்றாள் சங்கமித்ரா. காது சிவந்துவிட்டது. அவளுக்குக் கோபம் முதலில் காதில்தான் வரும்.

ஒரு கணினிக்குத் தானாக நேரம் தெரியாது. உள்ளே இருக்கும் கடிகாரம் மலிவுச் சரக்கு. நாளுக்கு ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று வழுக்கிக்கொண்டே போகும். ஆகவே அது இணையத்தில் உள்ள டைம் சர்வர்களிடம் அடிக்கடி மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். யாரிடம் கேட்பது என்று நாம்தான் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒருவரை மட்டும் கொடுத்தால் அவர் பொய் சொன்னாலும் அதுதான் உண்மை. இருவரைக் கொடுத்து அவர்கள் முரண்பட்டால் யாரை நம்புவது என்று தெரியாது. அதனால் குறைந்தது நான்கு பேரைக் கொடுப்பார்கள். நால்வரில் ஒருவர் உளறினால் மற்ற மூவரும் சேர்ந்து அவரை ஒதுக்கிவிடுவார்கள். பெரும்பான்மை ஆட்சி. பொறியியலில் இவ்வளவு ஜனநாயகம் இருப்பது சங்கமித்ராவுக்கு எப்போதும் பிடிக்கும்.

அந்த அலுவலகத்தில் விரல் வைக்கும் மெஷின், வரவேற்பறையின் பெரிய சிவப்பு எண் கடிகாரம், கேமராக்கள் எல்லாம் ஒரே பிரதான சர்வரிடம் மணி கேட்டன. அந்தச் சர்வரின் பட்டியலை அவள் திறந்தாள். ஐந்து பெயர்கள் இருந்தன. இரண்டு, வெளியே உள்ள யோக்கியமான சர்வர்கள். அவை ஒரே மணியைச் சொல்லின. மற்ற மூன்றும் ஒன்பது நிமிடம் கூட்டிச் சொல்லின, விநாடி பிசகாமல் ஒரே குரலில். மூன்றுக்கும் மூன்று முகவரி. ஆனால் தோண்டிப் பார்த்தால் மூன்று முகவரியும் ஒரே கணினிக்குள் போய் நின்றன. அந்தக் கணினி இரண்டாவது மாடியில், அட்மின் மேனேஜர் இராஜமாணிக்கத்தின் மேசை மேல் இருந்தது.

அப்பட்டமான கள்ள ஓட்டு! ஒரே ஆள் மூன்று வாக்காளர் அட்டையோடு வந்து, யோக்கியர்கள் இருவரையும் மூன்றுக்கு இரண்டு என்று தோற்கடித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த கிரணை போனில் பிடித்தாள்.

"அய்யோ, அதுவா!" கிரண் தன் கன்னடத் தமிழில் சிரித்தான். "அது தொட்ட கதெ, பெரிய கதெ மேடம். புது மெஷின் வந்ததும் சார் தன் வாட்ச்ச பாத்தார், மெஷின பாத்தார். மெஷின் ஸ்லோன்னு சொல்லிட்டார். அவர் வாட்ச்தான் கரெக்டாம். அவர் கம்ப்யூட்டர்ல டைம் அந்த வாட்ச் பாத்து கையால வெச்சது. அத லிஸ்ட்ல சேருன்னார். சேத்தேன். மத்த சர்வருங்க அத ஒதுக்கி தள்ளிட்ச்சி. திருப்பி மெஷின் 'ஸ்லோ'. டெய்லி என் தலெ தின்னார். கடேசில அவர் கம்ப்யூட்டருக்கு மூணு அட்ரெஸ் குடுத்து மெஜாரிட்டி மாடிட்டேன். அப்புறம் நிம்மதி."

"கிரண், மூணு பொம்பளைங்க வேலை போயிருக்கு."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "கொத்தில்ல மேடம், தெரியாது... சத்தியமா அத யோசிக்கல" என்றான்.

சங்கமித்ரா படியேறினாள்.

இராஜமாணிக்கம் பவானிக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. தீபாவளிக்குத் தன் கையால் எல்லாருக்கும் இனிப்புப் பெட்டி கொடுப்பவர். ஆனால் தன் கைக்கடிகாரத்தை அவர் நம்பிய அளவுக்கு மனிதர் எவரையும் நம்பியதில்லை. அவள் கையோடு கொண்டுபோன தாளை விரித்தாள். வெளியே உள்ள எட்டு சர்வர்களின் மணி, நாட்டின் நேரத்தைக் காக்கும் தில்லி ஆய்வகத்தின் மணி, அவருடைய மணி. எட்டும் ஆய்வகமும் ஒரு பக்கம், அவர் தனியாக ஒரு பக்கம்.

"ஏனம்மிணி, இந்த வாட்சு பதினஞ்சு வருசமா என் கையில ஓடுது. ஒரு நாள் நின்னதில்ல."

"ஓடுதுங்க சார். ஆனா தப்பா வெச்சிருக்கு. எதைப் பாத்து வெச்சீங்க?"

"எங்க ஜோசியர் வீட்டுச் செவுத்துக் கடிகாரத்தப் பாத்து. பொறந்த நேரத்த வினாடி சுத்தமாக் கணக்குப் போடறவர் அவரு. அவரு கடிகாரம் தப்பாப் போகுமா? மாசம் ஒருக்கா போறப்பெல்லாம் ஒத்துப் பாத்துக்குவேன். அப்படியே இருக்கும்."

சங்கமித்ராவுக்கு இரண்டு காதும் எரிந்தன. பவானியில் ஒரு சுவரில் தொங்கும் கடிகாரம், அதிலிருந்து இவர் கைக்கடிகாரம், அதிலிருந்து இவர் கணினி, அதிலிருந்து மூன்று கள்ள ஓட்டு, அதிலிருந்து மெஷின், அதிலிருந்து முத்தம்மாவின் வயிறு. அணுக் கடிகாரத்தை வைத்து உலகம் நேரம் அளக்கிற காலத்தில், இந்தக் கட்டடம் சாவி கொடுக்கிற கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், சேஞ்ச் ஃபாரம் கொண்டுவந்திருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவேன்."

"எல்லாரும் பழகிட்டாங்க. இப்பப் போயி மாத்திக் கொழப்பாதீங்க. முன்னாடி வந்தா யாருக்கு என்ன நட்டம்?" என்று தாளை மடித்து அவள் பக்கமே தள்ளினார். பேச்சு முடிந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் சர்வரில் ஒரு புள்ளியை அவள் தொட்டால் அவளும் முத்தம்மாவோடு சேர்ந்து வெளியே நிற்கலாம். அவளும் ஒப்பந்தத்தில்தான் இருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் முத்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முத்தம்மா டப்பாவிலிருந்த சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"ஜோசியக்காரன் ஊட்டுக் கடியாரமா? அப்ப சாரு திங்கக்கெழம கேட்டாண்ட நிக்கிறதும் அந்த டைம்ல தானா?"

"என்ன நிக்கிறது?"

"உனுக்குத் தெரியாதா? திங்கக்கெழம ஆனா எட்டே முக்காலுக்கே வந்துடுவாரு. உள்ள வரமாட்டாரு. கேட்டுக்கு வெளிய நின்னுகினு கை கடியாரத்தயே பாத்துகினு இருப்பாரு. கரீட்டா ஒம்போது அட்சதும் வலது கால எட்த்து வெச்சி உள்ள வருவாரு. ராவு காலமாம்."

சங்கமித்ரா டிபன் பாக்ஸை மூடினாள். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. அவருடைய ஒன்பது என்பது உலகத்துக்கு எட்டு ஐம்பத்தொன்று. பதினைந்து வருடமாக இந்த மனிதர் வாரம் தவறாமல், பஞ்சாங்கம் பார்த்து, வலது காலைத் தேர்ந்தெடுத்து, ராகு காலத்துக்குள்ளேயே நுழைந்துகொண்டிருக்கிறார்!

சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது. அடங்கியதும் முகம் மாறியது.

"வேணாம்க்கா. ராகு காலத்தச் சொல்லிப் பயமுறுத்தி ஜெயிச்சா அப்புறம் எனக்கும் அந்த ஜோசியருக்கும் என்ன வித்தியாசம்?"

"இன்னா பயமுறுத்தப் போற? ராவு காலம் அவருது. மணி உன்னுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெய்யி. கூட்டிக் கழிக்கிறத அவரே செஞ்சிக்குவாரு" என்றாள் முத்தம்மா. ஊறுகாயை நக்கிவிட்டு, "நீ பொய்யா சொல்லப் போற?" என்று சேர்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை எட்டு ஐம்பதுக்கு சங்கமித்ரா கேட்டருகே போனாள். கக்கத்தில் மடிக்கணினி, கையில் சேஞ்ச் ஃபாரம், அதன் பின்னால் இன்னொரு தாள். இராஜமாணிக்கம் வெளியே நடைபாதையில் நின்றிருந்தார். நெற்றியில் திருநீறு, கண் மணிக்கட்டில். முத்தம்மாவை இன்னும் காணோம்.

கைக்கடிகாரம் ஒன்பது காட்டியதும் அவர் வலது காலைத் தூக்கினார்.

"சார், ஒரு டவுட். ராகு காலம் எந்த மணிப்படி பாக்கணும்? ஊர் மணிப்படியா, உங்க வாட்ச் மணிப்படியா?"

கால் அந்தரத்தில் நின்றது. "பஞ்சாங்கத்துல போட்ட மணிப்படிதான்."

"பஞ்சாங்கத்துல நாட்டு நேரம்தான சார் போடுவாங்க? நாட்டு நேரம் இப்ப எட்டு அம்பத்தொண்ணு." செல்பேசியைக் காட்டினாள். காவலாளியின் செல்பேசியையும் வாங்கிப் பக்கத்தில் பிடித்தாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இராஜமாணிக்கம் காலைக் கீழே வைத்தார், வெளிப்பக்கமாக. உதடு அசைந்தது, கணக்குப் போட்டார். பதினைந்து வருடத்துத் திங்கட்கிழமைகள் வரிசையாக வந்து அவர் முன் நின்றிருக்க வேண்டும். செல்பேசியை எடுத்துப் பவானிக்கு அடித்தார். அவசரத்தில் விரல் பட்டு ஒலிபெருக்கி அழுந்திவிட்டது.

"ஐயா, நம்ம வீட்டுச் செவுத்துக் கடிகாரம்... அது சரியான நேரந்தானுங்களே?"

"அதுங்களா?" ஜோசியரின் குரல் உற்சாகமாக வந்தது. "அது எப்பவும் ஒரு ஒம்பது நிமிசம் முன்னாலதானுங்க வச்சிருப்பேன். ஈரோட்டு பஸ்ஸ உட்டுறக் கூடாதுல்லீங்க! மாசா மாசம் மறக்காம ஒத்துப் பாத்து வச்சுக்குவேன். ஏனுங்க கேக்கறீங்க?"

"அப்ப ஜாதகக் கணக்கெல்லாம்?"

"அதுக்கு போனத்தானுங்க பாப்பேன். அதுல வானத்துல இருந்து டைம் வருதாமுங்களே."

காவலாளி தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். சங்கமித்ரா கஷ்டப்பட்டு எதிர்ப்புறத்து மரத்தைப் பார்த்தாள். இதை அவள் திட்டமிட்டிருந்தால் கூட இவ்வளவு அழகாக வந்திருக்காது.

அப்போதுதான் முத்தம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "பத்து நிமிசம் முன்னாடியே கெளம்பனேன், அத்தயும் ரோடே தின்னுட்ச்சி." உண்மை மணி எட்டு ஐம்பத்து நான்கு. கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு எண்கள் ஒன்பது மூன்று என்றன. இப்போது விரல் வைத்தால் மூன்றாவது லேட்.

"மாத்திருங்க அம்மிணி, எல்லாத்தையும் மாத்திருங்க" என்றார் இராஜமாணிக்கம். "ஃபாரத்தைக் குடுங்க." பேனாவைத் திறந்தார். திறந்த பேனா நின்றது. "ராகு காலத்துலயா கையெழுத்துப் போடறது? ஒம்பது ஆகட்டும்."

ஒன்பது ஆனால் முத்தம்மா உண்மையாகவே தாமதமாகிவிடுவாள். சங்கமித்ராவின் காது சிவக்கத் தொடங்கியது. வாயில் அறிவியல் முழுவதும் திரண்டு வந்தது. அதற்குள் முத்தம்மா முந்திக்கொண்டாள்.

"சார், ராவு காலத்துல எதயும் ஆரம்பிக்கத்தான் கூடாது. நிறுத்தலாம் இல்ல? தப்பு மணிய நிறுத்தறதுக்கு நல்ல நேரம் பாத்தா, அதுவர தப்பு மணி இல்ல ஓடும்?"

இராஜமாணிக்கம் யோசித்தார். ஒரு நிமிடம் முழுதாகப் போனது. "நிறுத்தறதுதான?" என்றார். "நிறுத்துங்க. கையெழுத்த ஒம்பதுக்குப் போடறேன்."

காவலாளியின் முக்காலியில் உட்கார்ந்து சங்கமித்ரா மடிக்கணினியைத் திறந்தாள். மூன்று கள்ள ஓட்டையும் நீக்கினாள். ஏற்கெனவே இருந்த யோக்கியர்கள் இருவரோடு தில்லி ஆய்வகத்தின் சர்வர் ஒன்றையும், பொதுப் பயனுக்காகத் தன்னார்வலர்கள் நடத்தும் சர்வர் ஒன்றையும் சேர்த்தாள், ஆக நான்கு. சும்மா விட்டால் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பின்வாங்கும், மணிக்கணக்கில். ஒரே தாவாகத் தாவச் சொன்னாள். கண்ணாடிக்குள்ளே ஒன்பது ஏழாக இருந்தது எட்டு ஐம்பத்தெட்டு ஆனது.

முத்தம்மா ஓடிப்போய்க் கட்டைவிரலை வைத்தாள். 'மீண்டும் முயலவும்' என்றது மெஷின். பினாயிலிலும் சோப்பிலும் ரேகை தேய்ந்துபோன விரல். புடவையில் துடைத்து மறுபடி வைத்தாள். மீண்டும் முயலவும். எட்டு ஐம்பத்தொன்பது. விரலில் ஊதி, "ஏய், மெஷினு, மூணாந்தரம்" என்று அதட்டி அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

ஒன்பது ஒன்றுக்கு வலது காலை வைத்து உள்ளே வந்த இராஜமாணிக்கம் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு பின்னால் இருந்த தாளைப் பார்த்தார். அதில் மூன்று வரி: பதினான்கு மாதத்து லேட் குறிகளை ரத்து செய்வது, அவற்றால் நீக்கப்பட்ட மூவரையும் திரும்ப அழைப்பது, இனி மேனேஜர் உட்பட ஒன்பது மணி வேலைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே மெஷின், ஒரே விதி.

"இதென்ன அம்மிணி, மூணாவது?"

"பொறுமையாப் படிங்க சார். பத்தரைக்குத்தான எமகண்டம்" என்றாள் சங்கமித்ரா.

அவர் அவளை முறைத்தார். முறைத்துக்கொண்டே போட்டார்.

நீக்கப்பட்டவர்களில் சொர்ணம் திரும்பி வந்தாள். மற்ற இருவரும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டிருந்தார்கள். அதை எந்தச் சர்வராலும் பின்னுக்கு நகர்த்த முடியவில்லை.

அடுத்த மாதம் மூன்றாவது திங்கட்கிழமை மதியம் மெஷின் தானாக ஒரு பட்டியல் அனுப்பியது: மாதத்தில் மூன்று லேட் வாங்கியவர்கள். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அந்த ஆள் திங்கள்தோறும் எட்டே முக்காலிலிருந்து கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு, ஒன்பது ஒன்றுக்கு விரல் வைத்தவர்.

இராஜமாணிக்கம் படியிறங்கி அவள் மேசைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "அம்மிணி, இந்த மணிய ஒரு ரெண்டு நிமிசம்... பின்னால தள்ள முடியுங்களா?"

"நான் தள்ளிடுவேன் சார். அந்த நாலு பேரு ஒத்துக்கணுமே!"

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. போக்குவரத்து நெரிசலைக் கருத்தில் கொண்டு, ஊழியர் அனைவருக்கும் தினமும் பதினைந்து நிமிடச் சலுகை. ஒன்பதே காலுக்குப் பிறகு வந்தால்தான் லேட்.

முத்தம்மா அதை சங்கமித்ராவைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாள்.

"இத்தினி வருசமா நாம கேட்டோம், ஒரு நிமிசம் குடுக்கல" என்றாள். பக்கெட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ராவு வந்து கேட்டுக்கிறாரு, பதினஞ்சு குடுத்துட்டாங்க. ஏம்மா, அவுர எதுக்குக் கெட்டவருன்றாங்க?"